தடை எல்லாருக்கும், விலக்கு சிலருக்கு

ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. லோரியிலிருந்து சேலைக் கட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. மாமாக் கடையில் ஒருவர் ரொட்டி சானாய்க்கு மாவை விசிறிக்கொண்டிருந்தார். கோலாலம்பூரின் இந்தப் பழைய கடைத்தெருவில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்ற இரண்டு அடுக்குமாடிகள் இருக்கின்றன. கீழே கடைகள், மேலே பலகை வைத்துத் தடுத்த அறைகள். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி இந்த இரண்டு கட்டடங்களையும் முள்கம்பியால் சுற்றி அடைத்தார்கள். உள்ளே சுமார் 6,000 பேர் இருப்பதாக அரசு அப்போது சொன்னது. பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

அதற்கு மூன்று வாரம் முன்பு, மார்ச் 16ஆம் தேதி இரவு, அப்போதைய பிரதமர் முஹிடின் யாசின், கோவிட் நோய்த்தொற்றைத் தடுக்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைத் தொலைக்காட்சியில் அறிவித்தார். 18ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. பணக்காரர், ஏழை என்று அந்த ஆணையில் எந்த வித்தியாசமும் எழுதப்படவில்லை. ஆனால் அது ஒவ்வொரு தெருவிலும் வேறு வேறு ஆளை வேறு வேறு விதமாகத் தொட்டது. அதை இடத்துக்கு இடம் பார்த்துக்கொண்டு போகலாம் என்றுதான் கிளம்பினேன்: மஸ்ஜிட் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், கடைசியாகக் கிள்ளான் துறைமுகம்.

மலாயன் மேன்ஷன் அருகே ஓர் உணவுக்கடையில் கல்லாவில் இருந்தவர் ராமநாதபுரத்துக்காரர். அந்த நாள்களில் சட்டி கழுவும் வேலையில் இருந்தாராம். "வீட்ல இருங்கன்னு சொன்னாங்க சார். எனக்கு இருந்தது வீடில்ல, படுக்க ஒரு இடம். நைட் ஷிப்டுக்குப் போறவன் எழுந்தாத்தான் நான் படுக்க முடியும். எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள இருந்தா எங்க படுக்கிறது?" என்று கேட்டார். நெருங்காதீர்கள் என்று சொல்லிய அதே ஆணை, இவர்களை இதுவரை இருந்திராத நெருக்கத்தில் பூட்டி வைத்தது.

அனுமதிச் சீட்டு இல்லாதவர்களும் அஞ்சாமல் பரிசோதனைக்கு வரலாம், பிடிக்க மாட்டோம் என்று 2020 மார்ச்சில் அரசு சொல்லியிருந்தது. ஆனால் மே 1ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, இந்தப் பகுதியில் பெரிய சோதனை நடந்தது. இந்த இரண்டு மேன்ஷன்களிலும் மெனாரா சிட்டி ஒன் கட்டடத்திலுமாக 586 பேரைப் பிடித்து லோரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் வேறு இடங்களுக்கு நகர்ந்துவிடாமல் தடுக்கத்தான் இது என்றது காவல்துறை. நோய்த்தொற்றைத் தடுக்கப் போட்ட வேலி, ஆளைப் பிடிக்கும் வேலியாக மாறியதை இங்குள்ள கடைக்காரர்கள் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள்.

மஸ்ஜிட் ஜாமேக்கில் எல்ஆர்டி ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கேஎல் சென்ட்ரல். இறங்கி நடந்தால் பிரிக்பீல்ட்ஸ். ஜாலான் துன் சம்பந்தனில் மல்லிகை வாசனையும் ஒலிபெருக்கியில் பழைய பாட்டும் ஒன்றாக வந்தன. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இயங்குகிறது. அதனால் நடைபாதைகளில் காலால் தடவி வழி அறியும் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். பார்வையற்ற உடல்பிடிப்புத் தொழிலாளர்கள் பலர் இந்தத் தெருக்களில் பிழைக்கிறார்கள். தொட்டுச் செய்கிற தொழில் என்பதால் முதல் நாளே இவர்களுடைய கடைகளை மூடச் சொன்னார்கள். மற்ற தொழில்கள் ஒவ்வொன்றாகத் திறந்த பிறகு, 2020 ஜூலை 1ஆம் தேதிதான் இவர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2021இல் மறுபடியும் மூடல். "எங்களுக்குக் கைதான் கண்ணு, கைதான் சம்பளம். தொடாதேன்னா நாங்க என்ன செய்யறது தம்பி?" என்று ஒரு மூத்தவர் கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் இல்லை.

அவர் கடைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் கேஎல் சென்ட்ரலைச் சுற்றி எழும்பிய சொகுசு அடுக்குமாடிகள் தெரிகின்றன. அங்கே இருந்தவர்களும் வீட்டுக்குள் அடைபட்டார்கள்தான். ஆனால் சம்பளம் மாதம் தவறாமல் வங்கிக்கு வந்தது, வேலை மடிக்கணினிக்கு வந்தது, சாப்பாடு வாசலுக்கு வந்தது. அந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்தவர் யார்? மோட்டார் சைக்கிளில் மழையோடு மழையாக ஓடிய இளைஞர். வசதியுள்ளவர் வீட்டில் பாதுகாப்பாக இருப்பதற்காக, வசதியற்றவர் நோய் உலவும் தெருவில் ஓடினார். நடமாட்டம் நிற்கவில்லை. அதன் ஆபத்து மட்டும் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியது.

வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற அன்றைய விதியையும் இங்கே நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் இருப்பவருக்கு அந்த வட்டத்துக்குள் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன, பங்சார் இருக்கிறது, மிட்வேலி இருக்கிறது. தோட்டப்புறத்துக் குடும்பத்துக்கு அதே பத்துக் கிலோமீட்டருக்குள் ஒரு மளிகைக் கடை இருக்கலாம், கிளினிக் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அளவு ஒன்றாக இருந்தாலும் அதற்குள் அடங்கிய வாழ்க்கை ஒன்றல்ல.

கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்குள் வந்தேன். ஒரு பக்கம் விமான நிலையத்துக்குப் போகும் விரைவு ரயில். 28 நிமிடப் பயணத்துக்கு 55 ரிங்கிட். இன்னொரு பக்கம் கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர். ஒரே கூரையின் கீழ் இரண்டு வகைப் பயணிகள். தொற்றுக் காலத்துப் பயண விதிகளும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்தன.

சிங்கப்பூர் எல்லையை எடுத்துக்கொள்வோம். தொற்றுக்கு முன்பு தினமும் இலட்சக்கணக்கானோர் ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்த் திரும்பினார்கள். 2020 ஆகஸ்ட் 17ஆம் தேதி எல்லை கொஞ்சம் திறந்தபோது இரண்டு வாசல்கள் வைத்தார்கள். வணிகத்துக்கும் அரசு வேலைக்கும் போகிறவர் பரிசோதனை செய்துகொண்டு போய், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடலாம். வேலை அனுமதியில் இருக்கும் தொழிலாளி போனால், குறைந்தது மூன்று மாதம் அங்கேயே தங்கி உழைத்த பிறகுதான் வீட்டுக்கு வர முடியும். கிருமிக்கு இந்தப் பிரிவு தெரியாது. விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டு ஜூலையில் தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சர் முகமட் கைருடின் அமான் ரசாலி துருக்கி போய் வந்தார். தனிமைப்படுத்திக்கொள்ளவில்லை. 1,000 ரிங்கிட் அபராதம் கட்டினார், சில மாதச் சம்பளத்தைக் கோவிட் நிதிக்குக் கொடுத்தார். கடைசியில் மேல் நடவடிக்கை இல்லை என்று முடிந்தது. காரணம், தனிமையில் இருக்கச் சொல்லும் படிவமே அவருக்கு வழங்கப்படவில்லையாம். அதே மாதத்தில் தமிழ்நாட்டுச் சிவகங்கையிலிருந்து கெடா திரும்பிய ஓர் உணவகக்காரர் தனிமை விதியை மீறினார். ஆகஸ்டில் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தார்கள். அவர் செய்தது பெரிய தவறுதான். அவரால் பலருக்கு நோய் பரவியது. ஆனால் ஒருவருக்குப் படிவம் கையில் இருந்ததால் சிறை, இன்னொருவருக்குப் படிவம் தரப்படாததால் விடுதலை என்றால் அதை நீதி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த மலேசியர்கள் 2020 ஜூலை 24 முதல் தனிமை மையத்துக்குத் தாங்களே பணம் கட்ட வேண்டியிருந்தது: ஒரு நாளைக்கு 150 ரிங்கிட், 14 நாளுக்கு 2,100. அப்போது நகர்ப்புறக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,200 ரிங்கிட். ஊருக்குக் காரியத்துக்குப் போய் வந்த ஒரு கூலிக்காரருக்கு அது ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம்.

கொமுட்டர் கிளம்பியது. அப்துல்லா ஹுக்கும், பந்தாய் டாலாம், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம். இந்தப் பாதை 1886இல் திறந்தது. அதற்கும் முன்பிருந்தே கிள்ளானும் கோலாலம்பூரும் ஒன்றையொன்று நம்பி வாழ்கின்றன. நடுவில் ஒரு மாவட்ட எல்லை இருப்பதை, 2020 அக்டோபரில் மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தடை வந்தபோதுதான் பலர் உணர்ந்தார்கள். கடந்துபோக முதலாளியின் கடிதம் வேண்டியிருந்தது.

என் எதிரே உட்கார்ந்திருந்த அக்கா சுபாங் ஜெயாவில் வீட்டு வேலை முடித்துக் கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். "நாலு வீட்ல வேலை செய்றேன். எந்த வீட்டுக்காரவங்க எனக்கு முதலாளி? லெட்டர் கேட்டேன், பார்த்துச் சொல்றோம்னாங்க. அப்புறம் போன் பண்ணவே இல்ல" என்றார். பிடிபட்டால் 1,000 வெள்ளி அபராதம் என்ற பயத்தில் வேலையை விட்டுவிட்டாராம். அமைச்சர் கட்டியதும் 1,000 வெள்ளிதான். அவருக்கு அது சிறு தொகை. இந்த அக்காவுக்குக் குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாடு. 2021 மார்ச் 11 முதல் அபராதத்தின் உச்சவரம்பு 10,000 ஆக உயர்ந்தது. அன்றைய குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு அது எட்டு மாத உழைப்பு.

கிள்ளான் நிலையத்தில் இறங்கி ஜாலான் தெங்கு கிளானாவில் நடந்தேன். முறுக்கு, பூமாலை, பித்தளைக் குத்துவிளக்கு என்று கடைகள் நிறைந்து கிடந்தன. 2021 ஜூன் 1ஆம் தேதி நாடு முழுவதும் மறுபடி முடக்கப்பட்டது; ஜூலை 3 முதல் சிலாங்கூரின் பெரும்பகுதிக்கும் கோலாலம்பூரின் சில இடங்களுக்கும் இன்னும் கடுமையான கட்டுப்பாடு. அந்த நாள்களில்தான் மலிவுவிலை அடுக்குமாடிகளின் சன்னல்களில் வெள்ளைக் கொடிகள் ஏறின. வீட்டில் அரிசி இல்லை என்பதற்கு அடையாளம் அது. வெளியே போய்க் கேட்க வழியில்லாதவர்கள், கிடைத்த துணியைக் கட்டிவிட்டு அக்கம்பக்கத்துக் கருணையை நம்பினார்கள். கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் இளைஞர் குழுக்களும் இன மத பேதம் பார்க்காமல் அரிசியும் எண்ணெயும் கொண்டுபோய் வைத்தன.

பூக்கட்டும் பாட்டி ஒருவர் தன் சிவப்பு அடையாள அட்டையைக் காட்டினார். இந்த மண்ணில் பிறந்தவர், குடியுரிமை இல்லை. 2020இல் அரசு கொடுத்த பந்துவான் பிரிஹாத்தின் நேஷனல் உதவி குடிமக்களுக்கு மட்டும்தான். கோயில் மூடியதால் பூ விற்பனையும் போனது, அட்டையின் நிறத்தால் உதவியும் போனது. "மகன் வாங்கிக் கொடுத்துச்சு, சாப்பிட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

கிள்ளானுக்கு வடக்கே மேரு. அங்கே, உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை நிறுவனமான டாப் குளோவின் தொழிலாளர் விடுதிகள் 2020 நவம்பர் 17 முதல் அடைக்கப்பட்டன. 5,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. அதே செப்டம்பர்–நவம்பர் காலாண்டில் அந்நிறுவனத்தின் இலாபம் 238 கோடி ரிங்கிட். உலகத்தின் கைகளைப் பாதுகாத்தவர்கள் நெரிசலான அறைகளில் நோய் வாங்கினார்கள்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்ததை இந்த ஊர் மறக்காது. நடமாட்டத்தைக் குறைத்தது உயிர்களைக் காத்தது. ஆனால் அதன் விலையைக் கட்டியது யார் என்பதுதான் கேள்வி. 2019இல் 5.6 விழுக்காடாக இருந்த நாட்டின் வறுமை 2020இல் 8.4 விழுக்காடானது. நடுத்தர வருமானக் குடும்பங்களில் 5,80,000 குடும்பங்கள் கீழ்த்தட்டுக்கு இறங்கின.

கடைசியாகக் கிள்ளான் துறைமுகம். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்த இந்த இடத்தில்தான் நம் முன்னோர் பலர் கரையேறினார்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்த கூலிகளை முதலில் தனிமை முகாமில் அடைத்தார்கள். அறை எடுத்து வந்த பயணிகளுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. சரக்குக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நூறு ஆண்டில் விதி எழுதும் முறை பெரிதாக மாறவில்லை என்றே தோன்றியது.

மாற்ற முடியும். அடுத்த தொற்று வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கடிதம் கொடுக்க முதலாளி இல்லாத தினக்கூலிக்கு அவர் சொல்லே போதும் என்ற அனுமதி வேண்டும். அபராதம் வருமானத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். ஊரை மூடும் அன்றே, அட்டையின் நிறம் பார்க்காமல், உணவும் பணமும் போய்ச் சேர வேண்டும். பரிசோதனைக்கு வருபவரைப் பிடிக்க மாட்டோம் என்று கொடுத்த வாக்கு சட்டமாக வேண்டும். அமைச்சருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே படிவம், ஒரே தனிமை, ஒரே தண்டனை வேண்டும். இவற்றைத் தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள். ஊர் திறந்திருக்கும்போது கேட்காவிட்டால், மூடிய பிறகு கேட்க வெளியே வரவும் முடியாது.