பூச்சாடியில் ஒரு பெயர்

பீஜிங் அரண்மனை நூதனசாலையில் என்னை அதிக நேரம் நிற்க வைத்தவை பீங்கான் பூச்சாடிகள். இளநீலப் பரப்பில் பூங்கொடிகள், பறவைகள். அடியில் நீர் வடியத் துளை. வழமையாகச் சக்கரவர்த்தியின் ஆட்சிப்பெயரே பொறிக்கப்படும். இவற்றிலோ விளிம்பருகே சிவப்பெழுத்தில் 'தாயாஜாய்': 1861இல் கணவரை இழந்த பேரரசி சிசியின் மண்டபப் பெயர்!

1870களில் அவருக்காக ஜிங்தேசென் நகரில் செய்யப்பட்டவை இவை. வெண்பீங்கானைச் சுமார் 1,300 பாகையில் சுட்டு, எனாமல் வர்ணம் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மறுபடியும் சுடுவார்கள். ஒரு பாத்திரம் 72 கைகளைக் கடந்தே உருவாகும் என்கிறது 1637இல் வெளிவந்த சீனத் தொழில்நூலொன்று.

ஒரு விதவையின் பெயர் அரசரின் பெயருக்குரிய இடத்தைப் பிடித்தது. அந்தக் கைகளுக்குரியவர்களின் பெயரோ எங்குமில்லை. சகோதரிகளே, இரண்டையும் நினைவில் வைத்திருப்போம்.