அடுத்த எபிசோடுக்கு முன்

ஊரே பார்த்துப் பேசி ஓய்ந்த பிறகுதான் ‘பிரேக்கிங் பேட்’ பக்கம் வந்தேன். 2008 ஜனவரியில் அமெரிக்காவின் ஏ.எம்.சி. சேனலில் தொடங்கி 2013 செப்டம்பரில் முடிந்த தொடர். ஐந்து சீசன், 62 எபிசோடு. நுரையீரல் புற்றுநோய் வந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர், குடும்பத்துக்குப் பணம் சேர்க்க மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சுகிறார். இவ்வளவும் முன்பே தெரிந்த கதைதான். தெரிந்திருந்தும் தூக்கம் போனது.

*

‘என்ன நடக்கும்’ என்ற பதற்றம் முதல் சில எபிசோடுகளோடு சரி. அதற்கப்புறம், ‘இந்த மனுஷர் இதையும் செய்வாரா?’ செய்கிறார். செய்துவிட்டு ஒரு நியாயம் சொல்கிறார். கேட்கும்போது அது நமக்கும் சரியென்றே படுகிறது. எனக்குப் பயம் வந்தது அந்த இடத்தில்தான். வாத்தியாராக நடிக்கும் பிரயன் க்ரான்ஸ்டன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வால்டர் ஒயிட் எப்போது மாறினார் என்று ஒரு காட்சியைக் குறித்துக் காட்ட முடியாது.

*

வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸி பிங்க்மனை முதல் சீசனிலேயே கொன்றுவிடுவதாக இருந்ததாம். ஆரன் பால் நடித்ததைப் பார்த்த பிறகு, தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் அந்த யோசனையைக் கைவிட்டார். ஜெஸ்ஸி இல்லாத பிரேக்கிங் பேடை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தொடரின் மனசாட்சியே அந்தப் பையன்தான்.

*

இரண்டு தட்டுகள்.

முதல் எபிசோடில் வால்டருக்கு 50 வயது நிறைகிறது. காலைச் சாப்பாட்டில் மனைவி ஸ்கைலர் பேக்கன் துண்டுகளை 50 என்று அடுக்கி வைக்கிறார். மகன் பக்கத்தில் இருக்கிறான். அலுப்பும் பாசமும் கலந்த சாதாரண வீடு.

ஐந்தாம் சீசனின் தொடக்கத்தில் அதே வால்டர் ஏதோ ஓர் உணவகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தலையில் முடி, முகத்தில் தாடி, கையில் வேறு பெயரில் அடையாள அட்டை. தட்டு வருகிறது. பேக்கனைத் தானே ஒடித்து 52 என்று வைக்கிறார். யாரும் எதையும் விளக்குவதில்லை.

ஒளிபரப்பானபோதே பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் நாலரை வருஷம். எனக்கு முதல் தட்டு இன்னும் கண்ணிலேயே இருந்தது. தாமதமாக வந்ததில் கிடைத்த பெரிய லாபம் இது.

இரண்டாம் தட்டு வரும் அதே எபிசோடில் கார் டிக்கியில் ஒரு எம்60 மெஷின் கன் வந்து சேர்கிறது. அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று எழுதியவர்களுக்கே அப்போது தெரியாது. கில்லிகனே பிறகு சொல்லியிருக்கிறார். அத்தனை எபிசோடும் முன்னால் வரிசையாக இருக்கும்போது எல்லாம் முதலிலேயே தீர்மானித்து எழுதியது போலத் தோன்றுகிறது. வழி தெரியாமல் எழுதி, வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்காகவே கூடுதல் மரியாதை.

*

இரண்டாம் சீசனின் 1, 4, 10, 13-ஆம் எபிசோடுகளின் தலைப்புகளை வரிசையாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். சீசன் எங்கே போய் முடியும் என்பது அதிலேயே இருக்கிறது. என்ன வருகிறது என்று இங்கே எழுத மாட்டேன். கறுப்பு வெள்ளைக் காட்சியில் நிறத்தோடு தெரியும் அந்தக் கரடி பொம்மையை மட்டும் மறக்காதீர்கள்.

*

கதையை முதலில் கலிஃபோர்னியாவில்தான் வைத்திருந்தார்கள். நியூ மெக்சிகோ மாநிலத்தின் வரிச்சலுகைக்காக அல்புகர்க்கிக்கு மாற்றினார்கள். தொடரில் தெரியும் அந்தப் பாலைவனமும் வானமும் வந்து சேர்ந்த கதை இது.

*

முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். கடைசி எபிசோடை 1 கோடிக்கும் மேல். நடுவில் நெட்ஃபிளிக்ஸ் வந்தது. பழைய சீசன்களைப் பிந்திப் பார்த்துப் பிடித்துக்கொண்டவர்கள் கூட்டமாகச் சேர்ந்தார்கள். 2013-இல் சிறந்த டிராமா தொடருக்கான எம்மி விருது வாங்கியபோது, தொடர் நிலைத்ததில் நெட்ஃபிளிக்ஸுக்குப் பங்கு உண்டு என்று கில்லிகனே சொன்னார். தாமதமாக வருகிறவர்களை ஏளனமாகப் பார்க்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

*

ஆனால் ஒரு நஷ்டம் உண்டு. ஐந்தாம் சீசனின் எட்டாம் எபிசோடு. ஒருவர் கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டு கைக்கு எட்டிய புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறார். முதல் பக்கத்தில் யாரோ அன்பளிப்பாக எழுதிக் கொடுத்த வரிகள். முகம் நிமிர்கிறது. அவ்வளவுதான், முடிந்தது. அது 2012 செப்டம்பர் 2. அடுத்த எபிசோடு வந்தது 2013 ஆகஸ்ட் 11-இல். அப்போதே பார்த்தவர்கள் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். எனக்கு அடுத்தது சில விநாடிகளில் தானாக ஓடத் தொடங்கியது.

நம் ஊரிலும் இந்த நஷ்டம் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதை 1950-இலிருந்து 1954 வரை ‘கல்கி’யில் வாரம் வாரம் வந்தது. பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்தவர்கள் வந்தியத்தேவனுக்காகக் காத்திருந்தார்கள். நமக்குக் கிடைத்தது மொத்தமாகப் புத்தகம். கதை அதேதான். அடுத்த வாரம் என்ன என்று திண்ணையில் பேசிய பேச்சு நமக்குக் கிடைக்கவில்லை.

*

இனிமேல் பார்க்கப்போகிறவர்களுக்கு: ஆட்டோபிளேயை முதலிலேயே அணைத்து வையுங்கள். ஐந்தாம் சீசனின் எட்டாம் எபிசோடு முடிந்ததும் டிவியை நிறுத்திவிட்டு ஒரு வாரமாவது பொறுங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து, அந்த வாரம் முழுக்க எதையும் சொல்லிவிடாதீர்கள்.