முன்னறைச் சுவர்

(பதினோராம் வகுப்பு மாணவி)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். அது சுவருக்கும் பொருந்தும் என்று எங்கள் வீட்டார் அனைவரும் சென்ற ஆண்டு ஒரு மாத காலம் நம்பியிருந்தோம். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் பட்ட பாட்டையும், அதிலிருந்து நான் கற்ற பாடத்தையும் இவ்வாண்டு மலரில் எழுத விரும்புகிறேன்.

எங்கள் வீடு திண்டுக்கல் மரியநாதபுரத்தில் இருக்கிறது. தாத்தா காலத்தில் கட்டிய செங்கல் வீடு. முன்னறையில் வந்து அமர்கிறவர்களுக்கு நேர் எதிரே 13 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள ஒரு சுவர். அதன் நடுவில் திரு இருதய ஆண்டவர் படமும், அதன்கீழ் ஒரு சிறு விளக்கும் இருக்கும். மாலைதோறும் அந்தச் சுவரைப் பார்த்து முழந்தாளிட்டுத்தான் நாங்கள் செபமாலை சொல்வோம்.

திண்டுக்கல் வறண்ட ஊர் என்பது எல்லாருக்கும் தெரியும். கோடையில் மலைக்கோட்டைப் பாறை காய்ந்து, ஊரே அனலாகக் கொதிக்கும். ஆனால் ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் எங்கள் முன்னறைச் சுவரில் தரையிலிருந்து இரண்டடிக்கு ஓதம் ஏறிவிடும். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். வெள்ளையாய் உப்புப் பூக்கும். நாங்கள் அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு மறைத்துவிடுவோம். இப்படியே பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

சென்ற ஆண்டு அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. திருவருகைக் காலத்தில் இப்படிப்பட்ட காரியங்களைப் பேசுவதில்லை என்பதால், கிறிஸ்துமஸ் முடிந்ததும் பெண் பார்க்க வருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அம்மா உடனே நாற்காலியை நகர்த்திச் சுவரைப் பார்த்தார்கள். "என்னங்க, இந்தச் சுவரை வைத்துக்கொண்டு வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். அம்மாவின் சிநேகிதி ஒருவர் வீட்டில் சுவர்க்காகிதம் ஒட்டியிருந்தார்கள். "நம் வீட்டிலும் அதையே ஒட்டிவிடலாம். சீட்டுப் பணம் வரப்போகிறது" என்று அம்மா முடிவு சொன்னார்கள்.

கடையில் மாதிரிப் புத்தகங்களைக் கொண்டுவந்து எங்கள் முன் அடுக்கினார்கள். புடவைக் கடையில் கூட அத்தனை வகைகளை நான் பார்த்ததில்லை. அப்பாவுக்குச் செங்கல் அடுக்கியது போன்ற காகிதம் பிடித்திருந்தது. கூட வந்திருந்த பாட்டி, "செங்கல்லைக் காசு கொடுத்துப் பூசி மறைத்தோம். இப்போது அதன்மேல் செங்கல் படத்தைக் காசு கொடுத்து ஒட்டுவோமா?" என்று கேட்டார்கள். தம்பி நீர்வீழ்ச்சிப் படம் வேண்டுமென்று அடம் பிடித்தான். "நம் சுவரில் தண்ணீருக்குக் குறைச்சல் இல்லை, வேறே பார்" என்றார் அப்பா. அம்மா பெரிய பெரிய ரோஜாப் பூக்களை எடுத்தார்கள்.

அக்காதான் நிதானமாக யோசித்தாள். சிறிய அறைக்குப் பெரிய பூக்கள் ஆகாது, அறை இன்னும் சுருங்கித் தெரியும். அடர்ந்த நிறம் வெளிச்சத்தை விழுங்கிவிடும், எங்கள் முன்னறைக்கோ ஒரே சன்னல். மேலிருந்து கீழாகக் கோடுகள் இருந்தால் உயரம் கூடியது போலத் தோன்றும். திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் வருகிற காகிதம் அந்தப் படத்தோடு போட்டியிடக் கூடாது. இவ்வளவையும் சொல்லி, இளமஞ்சளில் மெல்லிய கொடிகள் ஓடிய ஒன்றை எடுத்தாள். எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

எத்தனை சுருள் வேண்டும் என்று கணக்கிட்டது நான். ஒரு சுருள் 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம். எங்கள் சுவரின் நீளத்துக்கு 8 பட்டைகள் வேண்டும். ஒரு சுருளில் 10 அடி உயரத்துக்கு 3 பட்டைகள் கிடைக்கும். ஆகவே 3 சுருள். கடைக்காரரும் அதையே சொன்னபோது, கணித ஆசிரியையை மனத்துக்குள் வாழ்த்தினேன்.

நவம்பர் கடைசி வாரத்தில் ஒட்டுகிறவர் வந்தார். அவருடைய வேலை பார்க்க அழகாயிருந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு முதற்பட்டைக்கு நேர்க்கோடு போட்டார். "முதல் பட்டை கோணினால் கடைசிப் பட்டை வரைக்கும் கோணும்" என்றார். பசையைத் தடவி, காகிதத்தைச் சற்று ஊறவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றினார். ஒரு பட்டையின் கொடி அடுத்த பட்டையின் கொடியோடு இம்மி பிசகாமல் சேர்ந்தது. ஆனால் வேலை தொடங்கும் முன்பே அவர் சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "ஈரமாயிருக்கிறதே அம்மா, காயவிட்டு ஒட்டலாமே" என்று சொன்னார். நாங்கள்தான் நாள் இல்லை என்று அவசரப்படுத்தினோம். ஆகவே, பின்னால் நடந்ததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

அன்று மாலை செபமாலைக்கு உட்கார்ந்தபோது வீடே புதிதாயிருந்தது. அம்மாவின் முகத்தில் அப்படியொரு நிறைவு! பாட்டி மட்டும், "சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். நீங்கள் சித்திரத்தை ஒட்டிவிட்டுச் சுவரை மறந்துவிட்டீர்கள்" என்றார்கள். நாங்கள் சிரித்தோம்.

நான் பள்ளி நூலகத்தில் சுவர்க்காகிதத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். சுவையான செய்திகள் கிடைத்தன. இங்கிலாந்தில் 1712-ஆம் ஆண்டிலிருந்து 1836 வரை இதற்கு வரி வசூலித்தார்களாம். பாரிசில் சுவர்க்காகித ஆலை நடத்திய ரெவேயோன் என்பவர் மோங்கோல்ஃபியே சகோதரர்களோடு சேர்ந்து செய்து அலங்கரித்த பலூனில்தான், 1783 செப்டம்பர் 19 அன்று ஒரு செம்மறியாடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் வானில் பறந்தன! ஆனால் மற்றொரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. 1775-இல் ஷீலே என்ற வேதியியல் அறிஞர் ஓர் அழகிய பச்சைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதில் ஆர்செனிக் என்னும் நஞ்சு இருந்தது. அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவர்க்காகிதங்களில் இத்தகைய பச்சைகள் தாராளமாகப் பயன்பட்டன. காகிதம் ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்தால், அந்தப் பூஞ்சை நச்சுவாயுவை வெளிவிடும் என்பதைக் கோசியோ என்ற இத்தாலிய அறிஞர் 1890-களில் கண்டறிந்தார். இக்காலக் காகிதங்களில் அந்தச் சாயம் இல்லை என்பதை அறிந்து நிம்மதியடைந்தேன். ஆயினும் ஈரம், பூஞ்சை என்ற இரண்டு சொற்களும் மனத்தை விட்டு அகலவில்லை.

பன்னிரண்டாம் நாள் காகிதத்தின் கீழ்ப்பகுதியில் கொப்புளங்கள் எழும்பின. இரண்டு நாள் மழை கொட்டியது. அதன்பின் ஓரங்கள் பிரிந்து சுருண்டன. அறையில் ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. அப்பா ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். பட்டை முழுவதும் பழைய சுண்ணாம்போடு சேர்ந்து கையோடு வந்துவிட்டது. காகிதத்தின் முதுகெல்லாம் கரும்பூஞ்சை. அம்மா ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அது அம்மாவின் சீட்டுப் பணம்.

மறுநாள் எங்களுக்குத் தெரிந்த ஒரு கொத்தனார் வந்தார். அவர் சுவரைப் பார்க்கவேயில்லை. நேரே வெளியே போய், எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே உள்ள சந்தில் நின்றார். மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் நடுவில் உடைந்து, மழை நீரெல்லாம் சுவரிலேயே வழிந்துகொண்டிருந்தது. போதாததற்கு, எப்போதோ கொட்டிய மண் சுவரோடு சேர்ந்து மேடாகக் கிடந்தது. அந்த மண் குடித்த நீரைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றியிருக்கிறது, விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதைப் போல! "வியாதி வெளியே இருக்கிறது. நீங்கள் உள்ளே துணி போர்த்தியிருக்கிறீர்கள். சுண்ணாம்பாக இருந்தபோதாவது ஈரம் மூச்சு விட்டது. இந்தப் பிளாஸ்டிக் காகிதம் அதையும் அடைத்துவிட்டது" என்றார்.

குழாயை மாற்றினோம். மண்மேட்டை வெட்டி அள்ளினோம். ஓதம் ஏறியிருந்த பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். காகிதமும் பூச்சும் போன இடத்தில் செங்கல் தெரிந்தது. உதிர்ந்த பொருக்குகளை நான் எடுத்துப் பார்த்தேன். நீலம், பச்சை, இளஞ்சிவப்பு, மறுபடியும் வெள்ளை என்று தாத்தா காலத்திலிருந்து அடித்த வண்ணங்களெல்லாம் ஏடு ஏடாக ஒட்டியிருந்தன. நன்றாகக் காய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை சுவரை ஒன்றும் செய்யக்கூடாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்கோ பத்து நாள்தான் இருந்தது.

அந்த இரவில்தான் அக்கா வாய் திறந்தாள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அக்காவின் வலக்கையில், முழங்கைக்குக் கீழே, மூன்று ஆண்டுகளாக வெண்புள்ளி இருக்கிறது. அது தொற்று நோயன்று. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் அந்த இடத்தில் இல்லாமல் போவதுதான் காரணம். தொழுநோய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அக்கா ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். இவற்றையெல்லாம் எங்களுக்கு விளக்கியதே அவள்தான். இருந்தாலும் அம்மா, பெண் பார்க்கும் நாளுக்கென்று முழுக்கை ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தார்கள்.

"அம்மா, சுவருக்குக் காகிதம் ஒட்டினீர்கள். பன்னிரண்டு நாள் தாங்கியது. என் கைக்குத் தைக்கிற ரவிக்கை எத்தனை நாள் தாங்கும்?" என்று அக்கா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அம்மா அழுதார்கள். "உன் நல்லதுக்குத்தானே செய்தேன்" என்றார்கள். "தெரியும் அம்மா" என்றாள் அக்கா. வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு பாட்டிதான் அப்பாவைப் பார்த்து, "விடிந்ததும் அவர்களுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிடப்பா" என்றார்கள்.

அப்பா சொன்னார். "யோசித்துச் சொல்கிறோம்" என்றார்கள் அவர்கள். அதன்பின் அழைக்கவேயில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கொத்திப்போட்ட அந்தச் சுவரை ஒட்டித்தான் குடில் கட்டினோம். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "ஏத்தா, உன் தம்பியிடம் சொல்லு. பெத்லகேம் தொழுவத்தில் எந்தக் காகிதம் ஒட்டியிருந்தது?" என்று பாட்டி என்னைக் கேட்டார்கள். செங்கல்லின் சிவப்பில் வைக்கோலும் நட்சத்திர விளக்கும் உண்மையாகவே எடுப்பாக இருந்தன. பார்க்க வந்தவர்களில் பலர், குடிலுக்காகவே சுவரை அப்படிச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டார்கள்!

பிப்ரவரி மாதம் சுவர் நன்றாகக் காய்ந்தது. சுண்ணாம்புக் கலவையால் மறுபடியும் பூசி, அந்தப் பூச்சும் காய்ந்த பிறகு வெள்ளையடித்தோம். சுண்ணாம்புக் கல்லை நீற்றும்போது அது தண்ணீரில் கொதிப்பதைத் தம்பி எட்ட நின்று வேடிக்கை பார்த்தான். வடிகட்டி, சிறிது நீலமும் வஜ்ஜிரமும் சேர்த்து, மட்டையால் மூன்று முறை அடித்தார்கள். அடித்தவுடன் சுவர் மங்கலாகத்தான் இருந்தது. காயக்காய வெளுத்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது என்று வேதியியல் வகுப்பில் படித்ததை அன்று கண்ணால் கண்டேன்.

மறைக்கல்வி வகுப்பில், வெளியே அழகாகவும் உள்ளே அழுக்காகவும் இருப்பவர்களை நம் ஆண்டவர் வெள்ளையடித்த கல்லறைகளுக்கு ஒப்பிட்டதைச் சகோதரி விளக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கள் சுவர் நினைவுக்கு வந்தது. "அப்படியானால் வெள்ளையடிப்பதே தவறா, சிஸ்டர்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சகோதரி சிரிக்கவில்லை. "வெள்ளையடிப்பதில் தவறில்லை அம்மா. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அடிப்பதுதான் தவறு" என்றார்கள்.

தோழியரே, உங்கள் வீட்டில் சுவர்க்காகிதம் ஒட்ட விரும்பினால் தாராளமாக ஒட்டுங்கள். நான் அதற்கு விரோதியல்ல. அக்கா தேர்ந்தெடுத்த அந்த இளமஞ்சள் காகிதம் உண்மையிலேயே அழகானது. மிஞ்சிய துண்டில் என் வேதியியல் ஏட்டுக்கு அட்டை போட்டிருக்கிறேன். ஆனால் முதலில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வெளியே சந்துக்குப் போய்ப் பாருங்கள்.

இவ்வாண்டு ஐப்பசி மழையிலும் எங்கள் சுவர் உலர்ந்தே இருந்தது. அக்காவுக்கு இன்னும் வரன் அமையவில்லை. அம்மாவுக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் புறப்படும்போது, அக்கா அரைக்கை ரவிக்கையோடு வந்து முன்னறையில் நின்றாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு அருகே போய், முந்தானை மடிப்பை மட்டும் சரிசெய்துவிட்டு, "நேரமாகிறது, வா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அம்மா பிடித்திருந்தது வலக்கையை.