நகராத பிள்ளைகள்

எங்கள் ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிகள். மூன்றாம் வகுப்பில் ஐந்து பேர் இருப்பார்கள். நான்கு பேர் வாசிக்கிறார்கள், ஒருவன் திணறுகிறான் என்றால் அறிக்கையில் 80 விழுக்காடு. பொங்கல் முடிந்ததும் அந்த ஒருவனின் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டால் பள்ளி 100 விழுக்காட்டைத் தொட்டுவிடும். வாசிக்கிற ஒருத்தி போனால் 75க்கு இறங்கிவிடும். இரண்டுக்கும் ஆசிரியர் காரணமில்லை. ஆனால் ஆய்வுக் கூட்டத்தில் முதல் பள்ளிக்குக் கைதட்டல், அடுத்ததற்கு விளக்கம் கேட்பு. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர் வேலை பார்ப்பதால் இந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சின்னப் பள்ளியின் சராசரியை வைத்து யாரையும் மெச்சவும் கூடாது, கடிந்துகொள்ளவும் கூடாது என்பது என் கட்சி.

பெரிய கணக்கெடுப்புகள் இருக்கின்றனவே என்பார்கள். தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. மாவட்ட வாரியாக அறிக்கை வந்தது. ஏசர் எனப்படும் ஆண்டுக் கல்வி நிலைக் கணக்கெடுப்பில் மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. மாவட்டம் எப்படியிருக்கிறது என்று சொல்வதற்காக எடுத்த மாதிரி அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் ஒன்றியத்தில் ஒரு பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது.

ஆனால் ஏசரின் முடிவுகளைவிட அதன் தாள் எனக்குப் பிடிக்கும். எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நாலே படி. எந்த வகுப்புப் பிள்ளையானாலும் அதே தாள்தான், ஒவ்வொருவரையும் தனியே உட்கார வைத்துக் கேட்பார்கள். நம் வகுப்புத் தேர்வில் அது நடக்காது. 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்து, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்தது. பிரித்தாலும் ஐந்தாம் வகுப்புக்கு ஐந்தாம் வகுப்பு வினாத்தாள்தான். எழுத்து நிலையில் இருக்கும் பெண் முதல் பருவத்தில் அதில் தோற்பாள். மூன்றாம் பருவத்துக்குள் சொற்களைக் கூட்டி வாசிக்கக் கற்றிருப்பாள், மறுபடியும் தோற்பாள். அவள் ஓர் ஆண்டில் ஏறிய ஏற்றம் எந்த ஏட்டிலும் இருக்காது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படி பிரித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதிக்குக் காரணம் இதுதான்.

வாசிக்கக் கேட்பதில் பழக்கம் வேண்டும். எதிரே உட்கார்ந்தால் பிள்ளை நம் முகத்தைத்தான் படிக்கும். பக்கத்தில் உட்கார வேண்டும். பாடநூல் பத்தியைக் கொடுத்தால் பலர் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள், விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். கடைசி வரியிலிருந்து மேலே வரச் சொன்னால் தெரிந்துவிடும். ‘கொடி’யை ‘கெடி’ என்பவளுக்குக் குறிகள் பிடிபடவில்லை. ப, ட, ம் என்று மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு ‘பம்பரம்’ என்று முடிப்பவனுக்கு எழுத்தெல்லாம் தெரியும், சேர்க்கத்தான் வரவில்லை. படிவத்தில் இருவரும் ஒரே நிலை. வகுப்பில் இருவருக்கும் வேறு வேறு வேலை.

கணக்கிலும் இப்படித்தான். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் ஒருவன் 35 என்பான், இன்னொருவன் 26 என்பான். இரண்டுமே தப்பு, இருவருக்கும் பூச்சியம். முதலாமவன் 2இலிருந்து 7 போகாது என்றதும் 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டான். அவனுக்குக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்டிப் பத்து என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாமவன் ஒழுங்காகக் கடன் வாங்கி, 12இலிருந்து 7 போக எத்தனை என்பதில் மட்டும் சறுக்கினான். அவனுக்கு ஒரு வாரப் பயிற்சி போதும்.

வளர்ச்சியைப் பார்க்க நான் ஆசிரியர்களிடம் போடச் சொல்வது ஒரே ஓர் அட்டவணை. இடப்பக்கம் ஜூன் மாத நிலைகள், மேலே பிப்ரவரி மாத நிலைகள். சதவீதம் வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஒரு கட்டத்தில் வரட்டும். மூலைவிட்டக் கட்டங்களில் இருப்பவர்கள் நகராதவர்கள். ஜூனிலேயே கதை படித்தவளும் அங்கேதான் நிற்பாள். தாளில் அதற்குமேல் படி இல்லை, அவளுக்கு வேறு தாள் வேண்டும். இடம்பெயர்ந்து போன பிள்ளைக்குப் பிப்ரவரி நிலையே இருக்காது. விழுக்காடு போடும்போது அப்படிப்பட்டவர்களைச் சத்தமில்லாமல் கழித்துவிடுவார்கள். அதனால் ‘ஊரில் இல்லை’ என்று கடைசியில் ஒரு நெடுவரிசையும் வைக்கச் சொல்கிறேன்.

இந்த அட்டவணையிலும் ஓட்டை உண்டு. ஏப்ரலில் கதை படித்தவள் கோடை விடுமுறை கழிந்து ஜூனில் பத்தியிலேயே தடுக்குவாள். இரண்டொரு வாரத்தில் பழையபடி ஆகிவிடுவாள். ஜூனை அடிப்படையாக வைத்தால் அந்த மீட்சியும் நம் சாதனைக் கணக்கில் ஏறிவிடும். ஏப்ரலுக்கு ஏப்ரல் பார்ப்பதுதான் நியாயம், ஆனால் யாருக்கும் அது பிடிக்காது, எண் குறைந்துவிடும். இன்னொன்றையும் ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்: தொடக்கத்தில் ஒரு படி குறைத்துப் போட்டால் கடைசியில் ஏற்றம் அழகாக வரும். எண்ணை வைத்து ஆளை எடைபோடும் இடத்தில் இது நடக்காமல் இருக்காது. அதைத் தடுக்க எங்கள் குறுவள மையத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியரை வாசிக்கக் கேட்கச் சொல்லிப் பார்த்தோம். புது சாரைக் கண்டதும் பல பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. இப்போது சொந்த டீச்சரும் கூட உட்காருகிறார். அவர் பேசக் கூடாது என்பது மட்டும் ஒப்பந்தம். எட்டிப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டுகிறார்கள், அது வேறு.

கூட்டத்திலும் ஒரு மாற்றம் கேட்டேன். தரவரிசையை விட்டுவிட்டு, ஒவ்வொரு தலைமையாசிரியரும் நகராத பிள்ளைகளின் பட்டியலை மட்டும், பக்கத்தில் காரணத்தோடு, கொண்டுவரட்டும் என்று. ‘மெல்லக் கற்பவர்’ என்று எழுதக் கூடாது, அது காரணமே இல்லை. முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு வந்த பட்டியலில் வருகைக் குறைவுதான் அதிகம். கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்குபவள் ஒருத்தி, வீட்டில் தெலுங்கு மட்டும் பேசும் அண்ணன் தங்கை இருவர், திக்கிப் பேசும் பையன் ஒருவன். சத்தமாக வாசிக்கக் கேட்கும் எந்தத் தேர்விலும் அந்தப் பையன் மேலே வரப் போவதில்லை. மனத்துக்குள் படிக்கவிட்டுக் கேள்விகளுக்கு எழுதச் சொன்னோம். எல்லாவற்றுக்கும் சரியாக எழுதினான். படிவத்தில் அதற்கு இடமில்லாததால், தலைமையாசிரியர் அவன் பெயருக்கு எதிரே ‘கதை’ என்று எழுதி, சிவப்பு மையில் ‘எழுத்து வழி’ என்று குறிப்பும் போட்டுக் கையெழுத்திட்டார். அதை ஏற்பதா வேண்டாமா என்று மேலே கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.