தண்ணீர் இல்லாக் காட்டில் நாலு நாள்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!" என்று நம் நாட்டில் பழைய மிரட்டல் ஒன்று உண்டு. மேலதிகாரிகள் கீழதிகாரிகளைப் பார்த்துச் சொல்வது. அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று யாரும் தேசப்படத்தில் தேடுவதில்லை. இராமநாதபுரம் ஜில்லாதான் என்று எல்லோரும் தாமாகவே தீர்மானித்துக்கொள்கிறார்கள். ஆகையால், சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் காரங்காட்டில் நாலு நாள் தங்கப்போகிறேன் என்று நான் சொன்னதும், எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மிகுந்த அநுதாபத்துடன், "யார் சார் உங்களை மாற்றினது?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். இராமேசுவரத்துக்கு முன்பே மூன்று முறை போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் கோவிலுக்கு அடுத்த தெருவில் ஒரு விடுதி. குழாயைத் திருப்பினால் தண்ணீர். மணியை அழுத்தினால் காப்பி. திருச்சிக்குத் திரும்பிய பிறகு, அந்தக் கடற்கரையில் வாழும் ஒரு மனிதரின் முகங்கூட எங்கள் நினைவில் இல்லை. இந்தத் தடவை க்ஷேத்திரத்தை விட்டு விலகி, நாமே சமைத்துச் சாப்பிடும்படியான ஒரு ஜாகையில் தங்குவோம் என்று என் மனைவி சொன்னாள். "அங்கேயும் வந்து நான்தான் சமைக்க வேண்டுமா?" என்று கேட்க வேண்டியவள் அவள். அவளே சொன்ன பிறகு மறுப்பதற்கு நான் யார்?

சமையலறையோடு கூடிய அறைகளை நாள் வாடகைக்கு விடுவதை மேல்நாட்டு நகரங்களில் பெரிய நாகரிகமாகப் பேசுகிறார்கள். நம் பாட்டன்மார் சேது யாத்திரையில் வேறென்ன செய்தார்கள்? சரபோஜி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை ஏற்படுத்தினார். சேதுபதி மன்னர்களும் சேது மார்க்கத்தில் சத்திரங்கள் வைத்தார்கள். சில சத்திரங்களில் சோறு போட்டார்கள். மற்ற இடங்களில் ஒரு திண்ணை, ஒரு கிணறு, மூன்று அடுப்புக் கற்கள். யாத்திரிகர் மூட்டையை அவிழ்த்துத் தாமே பொங்கிக்கொண்டார். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் வந்தது. 2025-இல் அதன் பக்கத்திலேயே புதுப் பாலமும் திறந்தாயிற்று. இப்போது இரவு ரயிலேறிக் காலையில் தீர்த்தமாடி, மாலையில் திரும்பிவிடலாம். சௌகரியந்தான். ஆனால் வழியில் எந்த ஊரிலும் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. எந்த ஊர்க் கிணற்றையும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

நிற்க. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, பாக் ஜலசந்திக் கரையில் இருக்கும் மீனவர் கிராமம் காரங்காடு. கடலோரத்தில் அலையாத்திக் காடு. ஊருக்குள் மாதா கோவில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சிநேகிதர் ஒருவர் மூலமாக ஏற்பாடு செய்திருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மீனவர் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டில் ஒரு பாதியை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, காஸ் அடுப்பு, அலம்பிக் கவிழ்த்த பாத்திரங்கள், மூலையில் வரிசையாக ஏழு பிளாஸ்டிக் குடங்கள் நிறையத் தண்ணீர். "சௌகரியமாக இருக்கிறதே!" என்றேன்.

மறுநாள் காலையில் நான் ஸ்நானம் செய்தேன். பையனும் பெண்ணும் செய்தார்கள். வேர்வைக்கு இதமாக இருக்கிறதென்று பையன் இன்னொரு முறையும் செய்தான். சந்தையில் வாங்கிய நண்டை என் மனைவி நாலு தண்ணீர் விட்டுக் கழுவினாள். பத்து மணிக்குள் ஏழு குடமும் காலி. கொல்லைப் பக்கம் போய்ச் சொன்னோம். வீட்டுக்கார அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. தம் வீட்டுக் குடம் இரண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனார்.

போனவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரமாயிற்று. வெயிலில் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இந்த ஜில்லாவில் எங்கும் காணலாம் அந்த வண்டியை: குடங்கள் சாயாமல் உட்காருவதற்கென்று இரும்புச் சட்டத்தில் குழி குழியாக இடம் விட்டுச் செய்தது. எங்கள் ஊரில் பெண்கள் சைக்கிள் வைத்திருப்பதைப் போல இங்கே குடத்து வண்டி வைத்திருக்கிறார்கள்.

"ஏது அம்மா இந்தத் தண்ணீர்?" என்று கேட்டேன்.

"காவிரித் தண்ணி சார். உங்க திருச்சிப் பக்கத்துலருந்துதான் குழாயில வருது. வராத நாள்ல லாரித் தண்ணி, குடத்துக்கு இவ்வளவுன்னு காசு."

எனக்கு நாக்கு எழவில்லை. திருச்சியில் எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிறைந்து வழிவதைக் கேட்டுக்கொண்டே நான் பத்திரிகை படித்து முடிப்பது வழக்கம். அதே காவிரி, எத்தனையோ காதம் இரும்புக் குழாயில் நடந்து இந்தக் கரைக்கு வந்து, இந்த அம்மாளின் வண்டியில் குடம் குடமாக எண்ணப்படுகிறது. அதில்தான் என் பிள்ளை இரண்டாம் ஸ்நானம் செய்தான்!

அன்று மாலையே என் மனைவி வீட்டுக்கார அம்மாளிடம் பாடம் கேட்கத் தொடங்கினாள். "அக்கா, மீனை முதல்ல அடிபம்பு உப்புத் தண்ணியில அலசிடுங்க. கடைசிக்கு ஒரு செம்பு நல்ல தண்ணி போதும்." அரிசி களைந்த நீரைக் கொட்டக் கூடாது, குழம்புக்குப் புளி அதில்தான் கரைக்க வேண்டும். கைகழுவிய தண்ணீர் முருங்கைக்கு. குளியல் உப்புத் தண்ணீரில். முடிவில் இரண்டு செம்பு நல்ல தண்ணீர். மறுநாள் காலை குடத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்களில் என் மனைவியும் பெண்ணும் இருந்தார்கள். நாங்கள் மூன்று குடத்தில் ஒரு நாளை ஓட்டினோம். சாப்பாட்டில் ருசி குறையவில்லை. அந்த நண்டுக் குழம்பைப் பற்றி எழுதினால் கட்டுரை நீண்டுவிடும்.

மூன்றாம் நாள் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனோம். வனத்துறையார் ஊர் ஜனங்களைக்கொண்டே படகு விடுகிறார்கள். இரு கரையிலும் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தாற்போல் ஆயிரக்கணக்கில் வேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று கிடையாது. ஆகையால் மரம் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. அந்த வேர்களுக்கிடையில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. ஊர்க்காரர்களின் வலையும் எங்கள் குழம்பும் அந்தச் சேற்றுக்குக் கடன்பட்டவை.

படகோட்டி ஓர் இலையைப் பறித்து என் பெண்ணிடம் கொடுத்து, "நாக்குல வச்சுப் பாரு பாப்பா" என்றார். கரித்தது. அலையாத்தி மரம் உப்பு நீரைக் குடித்துவிட்டு, உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுமாம்.

"அப்பா, இந்த மரத்துக்கு வண்டி வேண்டாம்" என்றாள் அவள்.

நாலாம் நாள் புறப்படும்போது வாடகைக்கு மேல் தண்ணீருக்கென்று தனியாகக் கொஞ்சம் பணத்தை நீட்டினேன். வீட்டுக்கார அம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வந்தவங்களுக்குத் தண்ணி கொடுத்துட்டுக் காசு வாங்குவாங்களா, சார்?" என்றார். அப்படிச் சொன்னவர் லாரிக்காரனுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறவர்! மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் பல இடிந்துவிட்டன. ஆனால் சத்திர தர்மம் இந்த ஓட்டு வீட்டில் குறைவின்றி நடக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

இந்தப் பக்கம் வர விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இராமேசுவரத்தில் சுவாமி தரிசனம் செய்யுங்கள்; இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் குளியுங்கள். அதோடு இரண்டு நாளாவது கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஓர் ஊரில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுங்கள். ஓர் ஊரில் எது மலிவு, எது அருமை என்பது அங்கே உலை வைக்கிறவர்களுக்குத்தான் தெரிகிறது.

திருச்சிக்குத் திரும்பிய மறுநாள் காலை, வழக்கம்போல் பத்திரிகையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மாடியில் தொட்டி வழியும் சப்தம் கேட்டது. நான் தலை நிமிர்வதற்குள் பையன் மாடிப்படியில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி ஓடிப் போய் மோட்டாரை நிறுத்தினான். காரங்காட்டில் இரண்டு முறை ஸ்நானம் செய்த அதே பையன்தான்.