விசுவாசத்தின் சிரிப்பு

சமயப்பற்று மிக்க ஒருவர் கதை எழுதப் புகுமிடத்து அவருக்கு நேரும் இடர் ஒன்றுண்டு. தீயவன் எங்கே போய்ச் சேருவான், நல்லவன் எதனைப் பெறுவான் என்பன அவர் பேனாவைத் தொடுமுன்னரே தீர்ந்துபோன விடயங்கள். ஆதலால் கதைமாந்தர் தம் விருப்பின்படி நடக்க இடமின்றி, பரிசளிப்பு விழா மேடையில் ஒப்புவிக்கும் பிள்ளைகளைப் போல வந்து தத்தம் பாடத்தைச் சொல்லிப் போய்விடுகின்றனர். கிறிஸ்தவச் சார்புடைய தமிழ்க் கதைகள் பலவற்றின் கதி இதுவே. ஆயினும் தமிழ் உரைநடையின் மிகச் சிறந்த சிரிப்புகள் சில இதே மரபினுள்ளேதான் பிறந்தன. இம்முரண் சிந்தித்தற்குரியது.

1856ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘காவலப்பன் கதை’யை ஈழத்துப் புனைகதை வரலாறு கூறுவோர் தொடக்கத்திலேயே குறிப்பிடுவர். ஆங்கில எழுத்தாளர் ஹனா மோர் இயற்றிய உருவகக் கதையொன்றின் தமிழாக்கம் அது. வீட்டுத் தலைவர் இல்லாத வேளையில் கதவைத் திறவாதே எனக் கட்டளை பெற்ற காவலாளி, வெளியே நிற்கும் கள்வனோடு பேச்சுக் கொடுக்கத் தொடங்கி, அப்பேச்சின் சுவையிலே மயங்கித் தாழை நீக்கிவிடுகிறான். உள்ளபடி நோக்கின் இது நல்லதொரு நகைச்சுவைக் கரு. பேச ஆள் கிடைத்தாற் கடமையை மறக்கும் வாயாடியை எந்தச் சந்தியிலும் காணலாம். ஆனால் காவலாளி என்றால் மனத்தின் பலவீனம், கள்வன் என்றாற் சோதனை என ஒவ்வொருவருக்கும் பொருள் குறித்துவிட்ட பின்னர் வாயாடி வாயாடியாக இருத்தல் இயலாது. அவன் உதிர்க்கும் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் போதகரின் சுட்டுவிரல் தெரிகின்றது.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தி வாழ்ந்த இத்தாலியத் துறவி ஒருவர் இவ்விடரை எளிதாகக் கடந்திருந்தார். 1680இல் பிறந்து 1747இல் மறைந்த யேசுசபைக் குருவான பெஸ்கி என்னும் வீரமாமுனிவரே அவர். தேம்பாவணியைப் பாடிய அதே கை பரமார்த்த குருவின் கதையையும் எழுதிற்று. புதிதாக வரும் ஐரோப்பியக் குருமார் வழக்குத் தமிழைப் பயிலுதற்கென, தாமே இலத்தீன் மொழிபெயர்ப்பும் செய்து வைத்தார். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அதனை அச்சேற்றினார். ஆறு தூங்குகின்றதா, விழித்திருக்கின்றதா என அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்த்ததும், குதிரை முட்டையென்று பூசணிக்காயை வாங்கியதும் எல்லோரும் அறிந்தவை. மட்டியும் மடையனும் பேதையும் மிலேச்சனும் மூடனும் சிறுவர் வாய்களிலே இன்னும் வாழ்கின்றனர்.

ஆயின் சிறுவர்க்கு உரியதென ஒதுக்கத்தகாத ஒரு பகுதி அதிலுண்டு. குதிரைமேற் செல்லும் குருவின் தலைப்பாகை வழியில் விழுந்துவிடுகிறது. கட்டளையில்லாமையால் சீடர் எவரும் அதனை எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுக்கவேண்டும் எனக் குரு கடிந்துகொள்ள, அடுத்துக் குதிரையிட்ட சாணத்தையும் பத்திரமாக ஏந்தி வருகின்றனர். சினந்த குரு, எடுக்கவேண்டிய பொருள்களைப் பட்டியலாக எழுதிக் கொடுக்கிறார். பின்னர்க் குருவே குழியில் விழுகிறார். சீடர் பட்டியலைப் படித்து அவருடைய ஆடைகளையெல்லாம் ஒழுங்காக எடுத்துக்கொள்கின்றனர். பட்டியலிற் குருவின் பெயர் இல்லாமையால் அவரை அங்கேயே விட்டுவிடுகின்றனர். குழியிற் கிடந்தபடி அவர் தம்மையும் அதில் எழுதிச் சேர்த்த பின்னரே தூக்கிவிடுகின்றனர். எழுத்துக்கும் ஆவிக்கும் உள்ள பகையைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலே பேசினார். அதனைப் பல பிரசங்கங்களாக விரித்தோர் உளர். வீரமாமுனிவரோ அதை ஆடையின்றிக் குழியிற் கிடக்கும் கிழவர் ஒருவராக்கிவிட்டார். நிருபத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இக்கதை இந்துக் குருமாரை இழிவுசெய்ய மதபோதகர் ஒருவர் கைக்கொண்ட தந்திரம் என்பாரும் உளர். இதனை முற்றாகத் தள்ளிவிடல் முறையன்று. பிறருடைய குருவைப் பார்த்துச் சிரிப்பது எவர்க்கும் எளிது. அந்நியர் ஒருவர் சிரிக்கும்போது அதில் ஏளனம் கலந்திருக்குமோ என ஐயுறுவதும் இயல்பே. ஆனால் வீரமாமுனிவரின் வாழ்க்கையை எழுதினோர், அவர் காவியுடுத்துச் சீடர் சூழப் பல்லக்கிற் சென்றதாகவே கூறுவர். அதில் மிகை எவ்வளவாயினும், அவர் தாமும் சீடரை உடைய ஒரு குரு என்பது மெய். பரமார்த்தரின் குதிரைக்கும் அவருடைய பல்லக்குக்கும் இடையிலுள்ள தூரம் அதிகமில்லை. தரங்கம்பாடி லூத்தரன் சபையாரை மறுத்து அவர் எழுதிய கண்டனங்களில் இத்தகைய நெகிழ்ச்சி கிடையாது. அங்கே அவர் வெல்ல விரும்பினார். அந்நூல்களை இன்று ஆய்வாளரன்றி வேறெவரும் புரட்டுவதில்லை.

அத்தரங்கம்பாடியிலேயே பின்னர் முன்சீப்பாகப் பணியாற்றியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கர், நீதிநூல் இயற்றியவர், 1879இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ மூலம் தமிழ் நாவலுக்குத் தோற்றுவாய் செய்தவர். தம் முன்னுரையில், முதன்மைப் பாத்திரங்களைக் குறையற்ற நல்லோராகவே படைத்தமைக்கு ஆங்கில அறிஞர் ஜோன்சனின் கருத்தை ஆதாரமாகக் காட்டினார். நாவலாசிரியன் ஒருவன் தன் காலிலே தானே பூட்டிக்கொள்ளும் விலங்கு இதைவிட வேறில்லை. குறையற்றவர்களுக்குக் கதை ஏது? ஞானாம்பாள் ஆணுடையில் அரசாளும் பகுதிகளிலே நீதிநூலாசிரியரின் குரல் ஓங்கிக் கதை தளர்வதை எந்த வாசகரும் உணர்வர்.

ஆனாற் பிரதாபனின் இளமைக்காலத்திலே விலங்கு கழன்றுவிடுகிறது. கதைமாந்தர் கிறிஸ்தவர் அல்லர். வேதநாயகர் தாம் நீதிமன்றத்திலும் ஊரிலும் நாள்தோறும் பழகிய செல்வக் குடும்பத்தார். அவர்களுக்கு உபதேசிக்க முற்படாமல் அவர்களோடு கூடியிருந்து சிரிக்கிறார். செல்வப் பேரனைப் படிப்பின் துன்பத்திலிருந்து காக்கத் துடிக்கும் பாட்டியார் தீயவர் அல்லர், அன்பு மிகுந்தவர். அவ்வன்பே கேலிக்கூத்தாகின்றது. பிரதாபன் பாடம் பிழைத்தால் அடிக்கவேண்டியது பிரதாபனையன்று. உடன் பயிலும் கனகசபையை என்பது ஏற்பாடு. குற்றம் ஒருவனுடையது, முதுகு வேறொருவனுடையது. பிரதாபனோ அதனைச் சிறிதும் வெட்கமின்றி, நல்ல வசதியென்றே நமக்கு விவரிக்கிறான்.

ஒருவனுடைய பிழைக்காக மற்றொருவன் தண்டனை ஏற்றல் என்பது கோவிலில் முழந்தாளிட்டு வேதநாயகர் வாழ்நாளெல்லாம் கேட்ட செய்தி. அதே வடிவம் இங்கே மிராசுதார் வீட்டுத் திண்ணையில், பிரம்பும் அழுகையுமாக, நகைப்புக்குரிய அநீதியாகக் காட்சி தருகின்றது. இதனை அவர் எண்ணிச் செய்தாரா என்பது வீண் விசாரணை. ஆழ்ந்த நம்பிக்கை கதைக்குள் இறங்குவது பெரும்பாலும் எழுதுவோன் அறியாமலே. எண்ணிச் செய்திருப்பின் ஒருவேளை காவலப்பனைப் போலக் கனகசபையும் மரத்துப்போயிருப்பான். இப்போதோ அவன் அடிபடுகிறான், நாம் சிரிக்கிறோம், சிரித்தபின் சற்றே கூசுகிறோம். அந்தக் கனகசபை உண்மையில் உயர்குடிச் செல்வர் ஒருவரின் மகன் என்பதை ஆசிரியர் பின்னரே வெளியிடுகிறார்.