வழுக்கலை அளப்பவர்கள்

பெரகலையிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கும் வீதியில், தியலும நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வரும் சிறிய நகரம் கொஸ்லந்த. மேலும் கீழும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் கொழுந்துக் கூடையோடு நின்றுவிடுகிறார்கள். தேயிலைப் பெக்டரிக்குள் எண்ணெய்க் கையோடு மெசின்களைத் திருத்தி நிற்கும் பிட்டரைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. அந்தப் பிட்டர்களின் தொழிலறிவு இன்று எங்கெல்லாம் போய் வேலை செய்கிறது என்பதை இங்கே ஒரு லேசர் பட்டறையில் பார்க்கக் கிடைத்தது.

பட்டறை என்றால் ஒற்றை அறைதான். பெயர்ப்பலகை, பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கான கேடயம், கலியாண மேடை எழுத்து எல்லாம் அங்கே வெட்டுகிறார்கள். நடத்துபவர் தோட்டத்தில் பிறந்த இளைஞர். அவருடைய லேசர் மெசினில் ஒரு கோளாறு. பல பலகைகள் சரியாக வரும். திடீரென ஒன்றில், முதலில் செதுக்கிய எழுத்தும் பிறகு வெட்டிய ஓரமும் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும். அடுத்த பலகை மறுபடி சரியாக வரும். எப்போதாவது மட்டும் வரும் கோளாறுதான் பிடிபடாத கோளாறு. உதவிக்கு வந்திருந்தவர் அவருடைய தாய்மாமன், பெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கரண்ட் கூடிக் கொறையுது மாமா, அதுதான்" என்றார் இளைஞர்.

"இருக்கலாம்பா. கெட்டுப்போன பலகைய எல்லாம் எடு. எவ்வளவு நகந்திருக்குன்னு அளப்போம்."

அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. லேசர் தலையை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டர். ஒரு சுற்றை 200 அடிகளாகப் பிரித்து, அடிக்கு 1.8 பாகையாகத் திரும்பும். இத்தகைய சிறிய மெசின்கள் பெரும்பாலானவற்றில் தலை உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் கருவி கிடையாது. 'நூறு அடி போ' என்று கட்டுப்பாட்டுப் பலகை சொல்லும், போயிற்று என்றே நம்பும். வழியில் வழுக்கியது அதற்குத் தெரியாது. ஆனால் வழுக்கிய இடம், தான் வழுக்கிய அளவைப் பலகையில் எழுதிவைத்துவிடும்.

இந்த மெசினில் மோட்டர் தண்டில் 20 பல் புல்லி, பெல்ட்டின் பல்லுக்குப் பல் 2 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்குத் தலை 40 மில்லிமீற்றர் நகரும். பெல்ட் தளர்ந்து பல் தாவினால் விலகல் 2, 4, 6 என்றுதான் வரும். பாரம் தாங்காமல் மோட்டர் அடி தவறினால், அதன் காந்த அமைப்பின்படி நான்கு நான்கு அடியாகத்தான் தவறும். அது 7.2 பாகை, பலகையில் 0.8 மில்லிமீற்றர். அப்போது 0.8, 1.6, 2.4 என்று வரும். மின்சாரத்தின் மேல் சந்தேகம் என்றால் இந்தக் கணக்கில்தான் விடை வரவேண்டும்.

பலகைகளில் வந்தவை 0.5, 1.3, 2.7. எந்தப் படியிலும் அடங்காத எண்கள். பல்லும் இல்லை, அடியும் இல்லை. வழவழப்பான இரண்டு உலோகங்கள் ஒன்றின் மேல் ஒன்று நழுவியிருக்கின்றன. அப்படி நழுவக்கூடிய இடம், புல்லியை மோட்டர் தண்டோடு இறுக்கும் சின்னக் கிரப் ஸ்குரூ.

பெரியவர் உடனே அலன் கீயை எடுக்கவில்லை. புல்லிக்கும் தண்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ற்றில் ஒரு மெல்லிய கோடு போட்டார். மெதுவாக ஓட்டியபோது கோடு நேராக இருந்தது. வேகமாகச் செதுக்கும் வேலையில், தலை இரு முனைகளிலும் சடக் சடக்கென்று திரும்பியபோது, கோடு இரண்டாக உடைந்தது. கழற்றிப் பார்த்தால் தண்டைச் சுற்றி ஒரு பளபளப்பான வளையம்; ஓரத்தில் செம்பழுப்புப் பொடி. இறுகாமல் உரசும் இரும்பு இப்படித்தான் தூளாகும். அரைகுறையாக இறுகிய ஸ்குரூ சாதாரண ஓட்டத்துக்குத் தாங்கும், திடீர்த் திருப்பத்தில் மட்டும் விட்டுவிடும். கோளாறு வந்து வந்து போனதன் இரகசியம் அவ்வளவுதான்.

இந்தப் பார்வை அவருக்குப் பெக்டரியில், கொழுந்தை உருட்டும் ரோலர் அறையில் வந்தது. ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பேதன்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய பெக்டரியைப் போன்ற பழைய பெக்டரிகளில், கூரையை ஒட்டி ஓடும் ஒரே நீண்ட தண்டிலிருந்து தட்டைப் பெல்ட்டுகள் இறங்கி ரோலர்களைச் சுழற்றின. அந்தத் தட்டைப் பெல்ட் வழுக்குவது ஒரு காப்பும்கூட. இலைப் பாரம் மிஞ்சினால் இரும்பு உடைவதற்கு முன் பெல்ட் வழுக்கிக் கொடுக்கும். ஆகவே அங்கே பிட்டர் முதலில் கேட்கும் கேள்வி 'எங்கே வழுக்குது, எதற்காக வழுக்குது' என்பதுதான், இறுக்குவது பிறகு. லேசர் மெசினில் அரை மில்லிமீற்றர்கூடப் பொறுக்காது. கேள்வி மட்டும் அதேதான். பெக்டரிகளோடு சேர்ந்து இந்த அறிவும் மூடப்பட்டுவிடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு. இது எந்தச் சான்றிதழிலும் ஏறாத படிப்பு.

பெரியவர் மோட்டரின் வாயைத் துணியால் மூடினார். அரத்தூள் உள்ளே போனால் காந்தம் பிடித்துக்கொள்ளும். ஸ்குரூவின் நுனி உட்காரும் இடத்தில் உருண்டைத் தண்டைச் சிறிது தட்டையாக ராவினார். ஸ்குரூவின் புரியில், கழன்றுவிடாமல் பிடிக்கும் பசை ஒரு சொட்டு விட்டு, புல்லியை மாட்டி, பசை காயும்வரை ஓட்டவிடவில்லை.

அடுத்து 300 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றை வெட்டச் சொன்னார். இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றாக, 424க்குச் சற்று மேலாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் லேசர் தலையைத் தாங்கும் பாலத்தின் இரு பக்கப் பெல்ட்டுகளும் சமமாக ஓடவில்லை, அவற்றை இணைக்கும் குறுக்குத் தண்டின் இணைப்பு ஸ்குரூக்களைப் பார்க்கவேண்டும் என்று அர்த்தம். சமமாகவே வந்தன. ஆனாலும் அந்த ஸ்குரூக்களுக்கும் வெள்ளைக் கோடு போட்டுவிட்டு, இனிக் கெடும் பலகையை எறியாமல் திகதியும் விலகலும் எழுதி வைக்கும்படி மருமகனிடம் சொன்னார். இளைஞர் பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றில் அன்று அளந்த எண்களை எழுதத் தொடங்கினார்.